அஷ்டமிக்குப் போட்ட சிவப்பு வட்டம்

நீ எனக்கு அனுப்பாமல் விட்டுப்போன காலண்டர் இப்போது என் மடியில் இருக்கிறது. நேற்று உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, சாப்பிட்டவர்கள் கலைந்த பிறகு, உன் மகள் அதை எடுத்து வந்து கொடுத்தாள். உன் மனைவிக்கு இன்னும் இத்தா முடியவில்லை, வேற்று ஆண்கள் முன்னால் வரக்கூடாது. திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள். "மார்கழியிலயே வாங்கிட்டாருண்ணா. குறி போட்டு முடிச்சிட்டு அனுப்பறேன்னாரு. அதுக்குள்ள..." என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன். திரைக்கு அந்தப் பக்கம் அது தெரிந்திருக்காது.

தினம் ஒரு தாள் கிழிக்கிற அதே காலண்டர். அதே பாத்திரக் கடை விளம்பரம், அதே பசை வாசனை. அஷ்டமி, நவமி வருகிற தாள்களில் எல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறாய். ஆடி பாதி வரைக்கும் வட்டம் இருக்கிறது. அப்புறம் வெறும் தாள்கள்.

இன்று பௌர்ணமி. தேரடித் தெருவில் இந்த லாட்ஜின் ஜன்னலைத் திறந்தால் சத்தம் காதை அடைக்கிறது. மதியம் மூன்று மணிக்கே மலை சுற்ற பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். எதிரே உன் பழைய விளையாட்டுச் சாமான் கடை இப்போது செல்போன் கடையாகிவிட்டது. அதன் வாசலில் ஒருவன் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி வைத்துக் கூவுகிறான். நீ இருந்தால் அவனைக் காட்டிச் சொல்லியிருப்பாய்: "பாத்தியா? பௌர்ணமில வியாபாரம் ஆவாத கடைனு நம்ம ஊர்ல ஒண்ணு காட்டு பாக்கலாம்." இந்த ஒரு பேச்சுதான் நம்மைக் கடல் கடந்து கொண்டுபோய்க் கவிழ்த்தது, மச்சான். ஐந்து வேளை தொழுகிறவன் நீ. ஆனால் பௌர்ணமி மேல் உனக்கு இருந்த நம்பிக்கை இந்த ஊரில் வேறு யாருக்கும் இருந்திருக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் உன் மைத்துனனின் கடிதத்தோடு என்னைத் தேடி வந்தாய். ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் சான்சிபார் என்ற தீவில், கடற்கரை விடுதி ஒன்றில் அவன் சமையல்காரன். கடலுக்குள் மீன் பார்க்க வெள்ளைக்காரர்கள் வந்து குவிகிறார்கள், முகத்துக்குப் போடுகிற கண்ணாடி வாங்கக்கூட அந்தக் கரையில் ஒரு கடை கிடையாது என்று எழுதியிருந்தான். நீ கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "போலாமா?" என்றாய், ஏதோ பக்கத்திலிருக்கிற கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறுகிற மாதிரி.

நான் அப்போது கடை கடையாக ஏறி இறங்கிப் பந்து விற்கிற கம்பெனி ஆள். எனக்கு நீச்சல் தெரியாது. நீ லாரி டியூபைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்த நாட்களில் நான் மேலே உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவன்.

"குழாய்ல தண்ணி வந்தாலே பக்கத்து வீட்டுக்குத் தெரியாம புடிக்கற ஊரு நம்முது. நமக்கு இன்னாத்துக்குடா கடல் வியாபாரம்?" என்றேன்.

"அதனாலதான்டா. கடல் பக்கத்துலயே பொறந்தவனுக்கு அது சாதாரணம். நமக்குத்தான் ஆசை ஜாஸ்தி."

ஆசை உனக்கு. எனக்கு உன்னை விட்டால் வேறு கூட்டாளி இல்லை, அவ்வளவுதான். உன் கடையை விற்றாய், நான் வேலையை விட்டேன். தெருவே சிரித்தது. கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி நீ சொன்னாய்: "கடையை மூடிட்டு மட்டும் இந்த ஊருக்குத் திரும்பி வரமாட்டேன்."

சான்சிபாரின் கிழக்குக் கரையில் உன் மைத்துனன் பார்த்து வைத்திருந்த கடை நன்றாகத்தான் இருந்தது. நாம் பார்க்கப் போனது காலை பத்தரை மணி. வாசலிலிருந்து முப்பது அடியில் கடல், நம்ம ஊர்த் தெப்பக்குளம் மாதிரி அலையே இல்லாமல் பச்சையாக நிறைந்து கிடந்தது. கடையின் சொந்தக்காரர் மூன்று மாதம் பார்ப்பேன் என்றார். வியாபாரம் நடந்தால் தொடர்ந்து வாடகைக்கு எழுதித் தருவார், நடக்காவிட்டால் துணிக்கடை வைக்க ஒருவர் காத்திருக்கிறார். சரி என்று கை கொடுத்தோம். துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட சரக்கை மீட்டு லாரியில் ஏற்ற மூன்று வாரம் ஆயிற்று. அதுவும் நல்லதற்குத்தான் என்றாய், மறுநாள் பௌர்ணமி. கடையைத் திறக்க அதைவிட நல்ல நாள் ஏது?

முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு சரக்கு இறக்கியபோது தண்ணீர் கடைச் சுவரில் வந்து மோதிக்கொண்டிருந்தது. பார்த்து நீ பூரித்துப் போனாய். மறுநாள் காலையில் உள்ளே மாவிலை கட்டுவதும் கண்ணாடி அடுக்குவதுமாக நாம் வெளியே தலை காட்டவில்லை. நல்ல நேரம் பத்தரை என்று நான் ஊரிலிருந்து கொண்டுபோன காலண்டரைப் பார்த்துச் சொன்னேன். அது நம்ம ஊர் நேரமா இந்த ஊர் நேரமா என்று எனக்கே சந்தேகம். "கடை இங்க கீது, நேரம் மட்டும் ஊர்லயா இருக்கும்?" என்று நீ தீர்த்து வைத்தாய். கண்ணாடி வாங்குகிறவர்கள் அங்கேயே தண்ணீரில் போட்டுப் பார்த்து வாங்கலாம் என்று விடுதி விடுதியாகச் சொல்லி அனுப்பியிருந்தோம். பத்துப் பன்னிரண்டு பேர் நீச்சல் உடையோடு வந்துவிட்டார்கள். நான் தேங்காய் உடைத்தேன். நீ துஆ ஓதினாய். கடல் பக்கத்துக் கதவைத் திறந்தோம்.

கடலைக் காணோம்.

கண்ணுக்கு எட்டின தூரம் ஈர மணல். படகுகள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. முந்தின நாள் தண்ணீர் நின்ற இடத்தில் பெண்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, கடல் பாசி வளர்க்கிற குச்சிகளை நோக்கி நடந்து போனார்கள். எங்கோ தூரத்தில் வெள்ளைக் கோடாக அலை. வந்தவர்களில் ஒருவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, "கடலும் நீங்களே விற்கிறீர்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு அவமானமாக நான் நின்றதில்லை.

அவர்கள் போன பிறகு, "வா, ஊருக்குப் போயிடலாம்" என்று உன்னிடம் கெஞ்சினேன். நீ மணலில் இறங்கி நெடுந்தூரம் நடந்தாய். திரும்பி வந்து, அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதினாய்: "பத்தரை, தண்ணி இல்ல." பிறகு, "தண்ணி எங்கயோ போய்த்தானேடா வருது? எப்ப வருது, எப்ப போவுதுனு நாம பாப்போம்," என்றாய்.

அதிலிருந்து ஒரு மாதம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாய். தண்ணீர் கடைசிப் படியைத் தொடும் நேரத்தையும் விட்டுப் போகும் நேரத்தையும் அன்றன்றைய தாளின் பின்னால் எழுதினாய். படகுக்காரர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். யாரிடமாவது கேட்கலாமே என்று நான் சொன்னதற்கு, "எந்த பாஷையில கேக்கறது?" என்றாய். உன் வீம்பு எனக்குத் தெரியும். பாஷை தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டாய், உன் மைத்துனனையும் கேட்க விடவில்லை. வருகிற ஒன்றிரண்டு பேருக்கு நான் தொப்பியும் செருப்பும் விற்றுக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்தில் ஒரு மாதம் கரைந்து போயிற்று.

மாதம் முடிந்ததும் தாள்களை எல்லாம் தரையில் வரிசையாகப் பரப்பினோம். ஒரு தாளின் முன்பக்கத்தை நான் படிக்க, பின்பக்கத்தை நீ படித்தாய். பௌர்ணமி, பத்தரை, தண்ணி இல்ல. அமாவாசை, அதே கதை. இரண்டுக்கும் நடுவில் வந்த தாள்களில் மட்டும் காலை பத்தரைக்குப் படி வரை தண்ணீர், அலை இல்லை, கலங்கல் இல்லை. வளர்பிறையில் ஒரு முறை, தேய்பிறையில் ஒரு முறை. எண்ணிப் பார்த்தால், நாம் கடை பார்க்கப் போன நாளும் அப்படி ஒரு நாளில்தான் விழுந்தது. நான் திதியைப் பார்த்தேன். அஷ்டமி. அடுத்த தாள் நவமி.

"இந்த நாளுங்கள்லயா ஆரம்பிக்கப் போறோம்?" என்றேன். என் வீட்டில் அஷ்டமி நவமியில் புதுத் துடைப்பம்கூட வாங்க மாட்டார்கள். உன் மைத்துனன் விசாரித்து வந்து, அந்த நாட்களின் தண்ணீரை அந்த ஊரில் செத்த தண்ணீர் என்பார்கள் என்றான். அஷ்டமி போதாதென்று பெயரும் இப்படி. நான் முடியவே முடியாது என்று உட்கார்ந்துவிட்டேன். நீ என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய்.

"கிருஷ்ணன் எப்படா பொறந்தாரு?"

"அஷ்டமில."

"ராமரு?"

"நவமில."

"நீதான் ஸ்கூல்ல எனக்குச் சொன்ன. ரெண்டு சாமி பொறந்த நாள்ல நாம ரெண்டு கண்ணாடி விக்கக் கூடாதா?"

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை.

வந்த நவமியன்று மறுபடியும் எல்லாரையும் கூப்பிட்டோம். வந்தவர்கள் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். கதவைத் திறந்தபோது கடல் இருந்தது. நீ என் முகத்தில் கண்ணாடியை மாட்டி, வாயில் மூச்சுக்குழலைத் திணித்து, "விக்கறவனுக்கு என்னா விக்கறோம்னு தெரிய வேணாமா? வா," என்று இழுத்துக்கொண்டு இறங்கினாய். மார்பளவு தண்ணீரில் உன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே வைத்தேன். மஞ்சளும் கறுப்புமாக ஒரு மீன் கூட்டம் என் காலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. நான் கத்தினேன். குழல் வழியாக அது ஆனைப் பிளிறல் மாதிரி வெளியே கேட்டதாம். கரையில் நின்றவர்கள் என்ன ஏதென்று ஓடிவந்து, நான் சிரிப்பதைப் பார்த்து, ஆளுக்கொரு கண்ணாடி வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். உன் தோளில் என் நகம் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது.

அன்று மாலையே வாசலில் ஒரு பலகை மாட்டினாய். அதில் சாக்பீஸால் ஒன்றுதான் எழுதினாய்: இன்று தண்ணீர் இத்தனை மணிக்கு. அதைப் படிக்க எல்லா விடுதிக்காரர்களும் நம் வாசலுக்கு வந்தார்கள். வந்தவர்கள் உள்ளேயும் வந்தார்கள். படகுக்காரர் ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டு, "இதுக்கா ஒரு மாசம் உக்காந்திருந்த? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே," என்றாராம். உன் மைத்துனன் மொழிபெயர்த்துச் சொல்ல, நீ அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். மூன்று மாத முடிவில் கடையின் சொந்தக்காரர் தொடர்ந்து எழுதித் தந்தார். துணிக்கடைக்காரர் வேறு இடம் பார்த்துப் போனார்.

சில வருஷம் கழித்து நெஞ்சு வலி என்று டாக்டர் உன்னை ஊருக்கு அனுப்பி வைத்தார். தேரடித் தெருவில் ஒவ்வொருவரையும் நிறுத்தி, "மூடிட்டு வரல, கடையைத் திறந்து வெச்சிட்டுத்தான் வந்துருக்கறேன்" என்று நீ சொன்னதாக இன்று காலையில்கூட டீக்கடையில் ஒருவர் சொல்லிச் சிரித்தார். வருஷா வருஷம் உன்னிடமிருந்து காலண்டர் வரும், வட்டங்களோடு. எனக்குத் திதி பார்க்கத் தெரியாதா? தெரியும் என்று உனக்கும் தெரியும். ஆனாலும் போட்டாய்.

நீ போன செய்தி காலையில் வந்தது. மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். எந்த விமானம் பிடித்தாலும் முடியாது. அன்று என்ன திதி என்று நான் பார்க்கவில்லை. தண்ணீர் எப்போது வந்தது, எப்போது போனது, எதுவும் தெரியாது. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். மதியம் எழுந்து பார்த்தபோது பலகையில் நேரம் எழுதியிருந்தது. உன் டீயைக் குடித்த அந்தப் படகுக்காரர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

எல்லாம் போதும், வந்துவிடு என்று வேறு ஊருக்குக் குடிபோய்விட்ட என் வீட்டில் போனில் சொல்கிறார்கள். தெற்குக் கரையில் நீ கால் வைத்துப் பார்த்து, "அடுத்த கடை இங்கதான்" என்று சொன்ன இடம் கைக்கு வந்துவிட்டது. கூட்டாளி இல்லாமல் எதற்கு இன்னொரு கடை, அப்படியே ஆரம்பித்தாலும் நல்ல நாளாகப் பார்த்து ஆரம்பியுங்கள் என்கிறாள் என் மனைவி. நல்ல நாள் பார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டேன்.

கீழே போய் ஒரு சிவப்புப் பென்சில் வாங்கி வந்தேன். ஆடியில் நீ விட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டி, கடைசித் தாள் வரைக்கும் வட்டம் போட்டு முடித்துவிட்டேன். உன் வட்டம் மாதிரி என்னுடையது உருண்டையாக வரவில்லை.

நாளை கிளம்புகிறேன். இன்றிலிருந்து ஒன்பதாம் நாள் தேய்பிறை நவமி, புதுக் கடையைத் திறக்கிறேன். நான் தேங்காய் உடைப்பேன், துஆவை உன் மைத்துனன் ஓதுவான். பத்தரை மணிக்குத் தண்ணீர் படி வரைக்கும் வந்திருக்கும். இத்தனை வருஷத்தில் உன் தோளைப் பிடிக்காமல் நான் ஒரு நாளும் கடலில் இறங்கியதில்லை. நீ ஊருக்கு வந்த பிறகு கால்கூட நனைத்ததில்லை. அன்றைக்குக் கண்ணாடியை நானே மாட்டிக்கொண்டு இறங்குவேன், மச்சான். பயமாகத்தான் இருக்கிறது. இறங்குவேன்.