பெயருக்கு அடியில் உரசும் டயர்

புரட்டாசி, வியாழக்கிழமை.

இன்றும் எங்கள் டிரெய்லரின் டயர் உரசிவிட்டது. காலியாக ஓடினால் ஒன்றுமில்லை. லோடு ஏறியதும் தொட்டி இறங்கி, பக்கத் தகட்டின் விளிம்பு டயரைத் தேய்க்கிறது.

பட்டாசு அடைக்க நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் அட்டைப்பெட்டி இரண்டு வரிசை நிற்க வேண்டும் என்று தொட்டியை அகலமாகக் கட்டச் சொன்னது அண்ணன். பழைய இரும்புக் கடையில் குட்டை ஆக்சிலை எடுத்து வந்ததும் அவர்தான். அதனால் சக்கரம் வெளியே நிற்காமல் தகட்டுக்கு நேர் அடியில் நிற்கிறது. வெல்டிங் வைத்தவன் நான்.

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டார். “தீப்பெட்டியே உள்ள கொண்டாரப்படாது. நீக கருகுற டயரோட வாரீக. வண்டியத் திருப்புங்க” என்றார். சீசன் நேரம். பெட்டி அத்தனையும் திரும்பி வந்தது. இனி அந்த ஆர்டர் வேறு ஆளுக்குத்தான்.

டயருக்கு மேலே தகட்டை அரைவட்டமாக வெட்டிவிடலாம் என்று முதல் நாளே சொன்னேன். அண்ணன் விடவில்லை. அங்கேதான் தன் பெயரையும் மகன்கள் இருவர் பெயரையும் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார். இன்று வீட்டுக்கு வந்ததும், “ஏலே, ஒனக்கு ஒழுங்கா வெல்டிங் வைக்கத் தெரியலயா?” என்று அண்ணி முன்னால் கேட்டார்.

சாப்பிடாமல் போய், தகட்டில் சாக்பீஸால் வெட்டுக்கோடு போட்டேன். அது மூன்று பெயரையும் அறுத்துக்கொண்டு போகிறது. காலையில் யாரையும் கேட்காமல் வெட்டுவேன். இருவரும் சேர்ந்து கட்டிய வண்டி. வெட்டுப்படக்கூட என் பெயர் அதில் இல்லை.