பூட்ஸ் கதவருகே இருக்கிறது

கண்ணு,

நேற்றெல்லாம் நீ தேடிய பூட்ஸைக் கதவருகே வைத்திருக்கிறேன். ஒளித்தது நான்தான். அது இல்லாமல் உன்னைக் கிரேனில் ஏற்றமாட்டார்கள் என்றுதான்.

விடியலில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, என் பிள்ளைய உம்ம கையில ஒப்படைக்கிறேன்" என்றேன். பூட்ஸை அரிசி டிரம்முக்குள் பூட்டிவைத்துக்கொண்டு எதை ஒப்படைப்பது? எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எடுத்துத் துடைத்துவிட்டேன்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் ஒப்படைத்தது ஒப்படைத்ததுதான். சித்தாள் மகள் கிரேன் ஓட்டப்போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று!

முட்டை அவித்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு ஏறாதே.

அம்மா

இன்னொன்று: நான் வேலை செய்யும் மாடியிலிருந்து உன் கிரேன் தெரியும். கையாட்டுவேன். நீ பதிலுக்கு ஆட்டாதே, கை லீவரிலேயே இருக்கட்டும்.