அக்னி மூலை ஜெனரேட்டர்

இன்று மாலை கொடியிலிருந்து எடுத்த புடவையில் டீசல் வாடை. நன்றாக அலசி, நல்ல வெயிலில் காய்ந்த புடவைதான். மத்தியானம் மின்சாரம் போனபோது கீழிருந்து கிளம்பிய புகை அதில் ஏறிக்கொண்டது. மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு கோடை முடிந்து அடுத்த கோடையும் வந்துவிட்டது.

நம் ஏ.எஸ்.ராவ் நகர் அடுக்ககத்தில் தடுக்கி விழுந்தால் இன்ஜினியர் மேல்தான் விழ வேண்டும் என்பாய். நம் இருவர் வீட்டுக்காரர்களையும் சேர்த்துப் பாதிப் பேர் ஒரே மின்னணுத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். ஊரின் அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழ எழ, நம் பக்கம் மின்வெட்டு நீண்டுகொண்டே போயிற்று. ஜெனரேட்டர் வாங்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது நீதான் எழுந்தாய். மொட்டை மாடி சும்மா கிடக்கிறதே, சோலார் போட்டால் என்ன என்று கேட்டாய். பிறகு என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உன் திருநெல்வேலித் தமிழில் முணுமுணுத்தாய்: "மண்ணுக்கு அடியில கெடக்கறத தோண்டி எடுப்பாவளாம், தலைக்கு மேல கெடக்கறது வேண்டாமாம்."

யாராவது சிரித்து ஒதுக்கியிருந்தால் நாம் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர்களோ துணைக் குழு அமைத்தார்கள். தகடுகளை எவ்வளவு சாய்ப்பது, மழைக்காலத்தில் என்ன செய்வது, பேட்டரியை யார் வாசலில் வைப்பது, குரங்கு வந்தால் யார் பொறுப்பு. என் வீட்டுக்காரர் வரைந்து வரைந்து கிழித்துப் போட்டார். அதுவரைக்கும் தற்காலிகமாக இருக்கட்டும் என்று ஜெனரேட்டர் வந்து இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான்.

அதை எங்கே வைப்பது என்பதற்கு மட்டும் துணைக் குழு தேவைப்படவில்லை. நெருப்பு என்றால் தென்கிழக்கு, அக்னி மூலை. வாழ்நாளெல்லாம் சர்க்யூட் வரைந்த மனிதர்கள் வாஸ்துவுக்கு ஒரே குரலில் தலையாட்டினார்கள். அதே வாஸ்துப்படி கட்டிய வீட்டில் சமையலறையும் அந்த மூலையில்தானே இருக்கும்? முதல் மாடியில் உன் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே புகைக்குழாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

உனக்கு இளைப்பு பழைய வியாதி. ஜெனரேட்டர்மேல் பழி போட மாட்டேன். ஆனால் உன் கட்டிலருகே ஆக்ஸிஜன் மெஷின் வந்த பிறகு நிலைமை விபரீதமாகிவிட்டது. மின்சாரம் போனால் வீட்டு இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் மெஷினை இழுக்கும். அப்புறம் ஜெனரேட்டர்தான். உனக்கு மூச்சைத் தந்ததும் அதுதான், உன்னை மூச்சு முட்ட வைத்ததும் அதுதான்.

அந்தக் கண்ணாடிக் கட்டடங்களின் பக்கம், மாதாப்பூரில் இருந்த உன் மகன், தன் குடியிருப்பில் ஒரு நொடிகூட கரண்ட் போகாது, வந்துவிடு என்று பாதி இங்கிலீஷில் கெஞ்சினான். அங்கேயும் டீசல்தானே என்றாய். "அந்தப் புகை வேற எவ வீட்டு ஜன்னலுக்குப் போவுதோ." எனக்கு உன்மேல் கோபம் வந்தது. உயிர் போகிற நேரத்தில் எவள் வீட்டு ஜன்னலைப் பற்றியோ என்ன கவலை? இப்போதும் அந்தக் கோபம் முழுக்கத் தீரவில்லை.

ஜெனரேட்டரை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிச் சங்கச் செயலாளரிடம் நான் போனேன். நல்ல மனிதர். உன் வீட்டுக்குப் பத்தியச் சாப்பாடு அனுப்பியவர்தான். "ஆக்னேயம்லோனே உண்டாலம்மா" என்று தெலுங்கில் தயங்கிச் சொன்னார். அக்னி அந்த மூலையை விட்டு நகரக்கூடாதாம். புகைக்குழாயையாவது மொட்டை மாடிவரை உயர்த்தித் தருகிறோம் என்றார். அதற்கும் ஒரு துணைக் குழு அமைந்தது. யாரைப் பிடித்து உலுக்குவது? கெட்டவன் ஒருவனாவது இருந்திருக்கலாம்.

அந்தச் சித்திரை மத்தியானம் உன் வீட்டில் நானும் நீயும் மட்டும். கொஞ்ச நேரம் முன்னால்தான் மின்சாரம் போயிருந்தது. இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி அடங்கியது, கீழே ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. ஜன்னல்களை அடைத்தேன், இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தேன். அப்படியும் புகை வந்தது. நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"ஏட்டி, அத நிறுத்தச் சொல்லு."

கையை விடுவித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"வேண்டாம். நிறுத்தச் சொல்லாத."

எது என்று கேட்கத் திரும்பினேன். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. படியிறங்கினால் அது நின்றுவிடும், இறங்காவிட்டால் புகை நிற்காது. ஒரு கால் வெளியிலும் ஒரு கால் உள்ளேயுமாக நின்றேன்.

அந்த வாரமே ஆஸ்பத்திரியில் நீ போய்விட்டாய். அங்கே விளக்கு ஒருமுறைகூட அணையவில்லை.

நீ சொன்ன இரண்டையும் நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நிறுத்தச் சொல்லு, நிறுத்தச் சொல்லாத. கீழே அது உறுமும்போதெல்லாம் என் வீட்டு வாசல்வரை போய்விடுகிறேன். போய், அங்கேயே நிற்கிறேன்.