கோட்டை மியூசியத்தின் மாடிப்படி

ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிற என் நைனாவுக்கு,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது, தெவசமும் முடிந்தது. துக்க வருஷத்தில் மலை ஏறக்கூடாது என்று நம் தணிகை முருகனை இத்தனை நாளும் கீழே நின்றே கும்பிட்டோம். இனி ஏறலாம். முதலில் மலைக்குத்தான் போவோம் என்றிருந்தேன். அம்மாதான் வேறு மாதிரி சொன்னாள்.

"முருகன் எங்க ஓடிடப் போறான், இங்கதான இருக்கான். மொதல்ல மெட்ராஸுக்கு இட்டுகினு போ. அந்த மியூசியத்துல நான் மாடியப் பாக்கவே இல்ல."

துறைமுகத்துக்கு எதிரே கோட்டைக்குள் இருக்கிறதே, அதுதான். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் தறியை நிறுத்திவிட்டு எங்களையெல்லாம் அங்கே கூட்டிப்போனாயே. கீழே பீரங்கி, வாள், பழைய காசு எல்லாம் பார்த்தோம். மாடி ஜன்னலில் நின்றால் கப்பல் தெரியும் என்று யாரோ சொன்னார்கள். அம்மா முதல் படியில் கால் வைத்தாள். "திருத்தணி வண்டி பூடும்! அத்த வுட்டா அரக்கோணத்தோட நிக்கிற வண்டிதான்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாய். வேர்க்க விறுவிறுக்க பீச் ஸ்டேஷனுக்கு வந்தால், வண்டி இன்னும் பிளாட்பாரத்துக்கே வரவில்லை.

அதன்பிறகு வீட்டில் சண்டை எதில் ஆரம்பித்தாலும் அந்த மாடியில்தான் போய் முடியும். நீ சிரித்துக்கொண்டே எழுந்து போய்த் தறியை ஓட்டிவிடுவாய். அந்த இரைச்சலில் அவள் திட்டுவது யாருக்குக் கேட்கும்?

நீ போனபிறகு அவள் யாரையும் திட்டவில்லை, நைனா. போட்டதைத் தின்றாள், கேட்டதற்கு 'ஆங்' என்றாள். எங்களுக்குப் பயமாகிவிட்டது. அதனால்தான் அவள் வாய்விட்டு ஒன்று கேட்டதும் நானும் தம்பியும் மறுநாளே கிளம்பிவிட்டோம்.

கீழே எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். அவசரப்படுத்த ஆள் இல்லை. தம்பி முன்னால் ஓடி, மாடியிலிருந்து கத்தினான். "யம்மா, கப்பல் தெரியுது, வா!"

அம்மா கைப்பிடியைப் பிடித்தாள். முதல் படியில் கால் வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"எறங்குடா. வண்டிக்கு நேரமாயிடுச்சு."

"இன்னும் எவ்ளோ நேரம் கீதும்மா!"

அவள் வாசலுக்கே போய்விட்டாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். பீச் ஸ்டேஷனில் வண்டி அன்றைக்கும் வந்திருக்கவில்லை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "இதுக்குத்தானே இவ்ளோ தூரம் வந்தோம்?" என்று கேட்டேன்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்து புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்தாள். ஆளுக்கொரு உருண்டை எங்கள் கையில் வைத்தாள். "மேல ஏறிப் பாத்துட்டா, அப்பறம் உங்க நைனாவ எதச் சொல்லித் திட்டறது?"

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "மாடியப் பாக்க வுட்டாரா அந்த மனுஷன்..." திருவள்ளூர், மணவூர், அரக்கோணம் தாண்டியும் ஓயவில்லை. எதிரே இருந்த பூக்காரம்மா உனக்காகப் பரிந்துகூடப் பேசினாள். ஒரு வருஷத்துக்கப்புறம் எங்கள் அம்மா திரும்பி வந்துவிட்டாள் என்று எனக்கு அழுகையாக வந்தது.

இனி அந்த மாடிக்கு அவளை ஏறச் சொல்லமாட்டேன், நைனா. வருகிற கிருத்திகைக்கு மலைக்குக் கூட்டிப்போகிறேன். அங்கேயும் முருகனிடம் உன்னைப் பற்றித்தான் புகார் சொல்வாள். நீ கேட்டுத்தான் ஆகவேண்டும். தறியை ஓட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது.

அன்று உன் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய,
உன் பெரிய பொண்ணு