தோளுக்கான மாத்திரை

2003 ஜூலை 14, திங்கள்

விடாத மழை. சனிக்கிழமை துவைத்த துணி இன்னும் ஈரம். வீடு முழுக்கக் கொடி, குனிந்து குனிந்து நடை.

இவருக்கு இடது கடைவாய்ப் பல். கன்னம் பன் மாதிரி. காலையிலிருந்து கிராம்பும் உப்புத் தண்ணீரும்தான். பல் டாக்டரிடம் போவோம் என்றால், "தானா வடிஞ்சிடும் வசந்தி." ஃபாக்டரியில் கிரேன் ஓட்டுகிறவர். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து, இரும்புப் பாளத்தைப் பூ மாதிரி இறக்கி வைப்பார் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். ஊசி என்றால் மட்டும் உதறல்.

காபி டம்ளரைத் தட்டிவிட்டார். வலது கைக்குப் பக்கத்தில்தான் வைத்தேன். இப்போதெல்லாம் இதே வேலை. "கவனம் எங்கங்க இருக்கு?" என்றேன். "பல்லுல" என்றார். பதிலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

வாங்க: கிராம்பு, கல் உப்பு, தீப்பெட்டி, து.பருப்பு.

ஜூலை 15, செவ்வாய்

இன்று எழுத்து கோணல்.

கட்கி பஜாரில் பல் டாக்டர். சின்ன வயசுப் பெண், மராட்டிக்காரி. என்னிடம் ஹிந்தி, இவரிடம் மராட்டி. இவரைச் சாய்த்துப் படுக்க வைத்து, வாயில் கண்ணாடியை விட்டுக்கொண்டே கேட்டாள்: "கோயி தவாயி சல் ரஹி ஹை?" மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று. வாய் திறந்து கிடக்கிற மனிதர் எப்படிப் பதில் சொல்வார்? நான்தான் முந்திக்கொண்டேன். ஒன்றும் இல்லை மேடம், சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, இவர் வாய்க்குள் போகிற எல்லாம் என் கையால்தான் போகிறது என்று ஒரே பெருமையடிப்பு. அப்போது இவர் கையைத் தூக்கினார். வலி போல என்று நினைத்து, "ஆட்டாதீங்க, அம்மா பாக்குறாங்கல்ல" என்று அந்தக் கையைப் பிடித்துக் கீழே அமுக்கியவள் நானே.

மரத்துப்போக ஊசி. காத்திருந்தோம். உதட்டைத் தட்டிப் பார்த்தாள். இன்னொரு ஊசி. மறுபடி காத்திருப்பு. கொறடு பட்டதும் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்தே போய்விட்டார்கள். வெல்டிங் பொறி பட்டு முழங்கை வெந்தபோதுகூட 'ஸ்' என்றதோடு சரி. இருபது வருஷத்தில் இந்தக் குரலை நான் கேட்டதில்லை. 

டாக்டர் கொறடை வைத்துவிட்டாள். என்னைப் பார்க்காமல் இவரை மட்டும் பார்த்து, மராட்டியில், விட்டமின் எதுவும் உண்டா என்று கேட்டாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஊகித்தேன். இவர் பஞ்சைத் துப்பிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, ஆமாம் என்கிறார்! விட்டமின் சி, பெரிசு பெரிசாக, விரல் காட்டி, ஒரு நாளைக்கு நாலைந்து. விட்டமின் ஈ. அதோடு மீன் எண்ணெய் உருண்டை. எதற்கு என்று அவள் கேட்க, "டோள்யாசாட்டி கேதோ, மேடம்."

தோளுக்காக. மராட்டியில்கூடத் தோள் தோள்தான் போல.

அப்படியே நின்றேன். என் புருஷனைப் பற்றி, என் எதிரிலேயே, ஊர் பேர் தெரியாத பெண்ணுக்கு முதலில் தெரிகிறது. அதுவும் இன்னொரு பாஷையில்.

டாக்டர் ஹிந்தியில் எனக்குச் சொன்னது: விட்டமின் சி அளவு மீறினால் மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காது என்று சிலர் சொல்வார்கள், ஆனால் அடித்துச் சொல்ல முடியாது, சீழ் இருந்தாலும் ஊசி பிடிக்காது, இவருக்கு அதுதான் காரணமாக இருக்கலாம். மீன் எண்ணெயும் ஈ-யும் சிலருக்கு ரத்தம் நிற்க நேரமாக்கும். எப்படி இருந்தாலும் ஊசிக்கு முன்னால் தனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீக்கத்துக்கு மாத்திரை தந்திருக்கிறாள். மற்றதை எல்லாம் நிறுத்திவிட்டு அடுத்த புதன் வரச் சொன்னாள்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் நான் வாயே திறக்கவில்லை. எப்போதும், "பேசிட்டே வா, ரைட்ல வண்டி வருதா பாரு" என்பார். இன்றும் கேட்டார். சொல்லவில்லை. திருப்பத்தில் அப்படியே நின்றுவிட்டார், பின்னால் ஒரே ஹாரன். நிற்கட்டும் என்றிருந்தேன்.

ஜூலை 16, புதன்

தூறல். கன்னம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. பல்லுக்கு லீவு போட்டிருக்கிறார்.

மாத்திரை இருந்த இடம் ஸ்கூட்டர் டிக்கி. துடைக்கிற துணிக்கு அடியில் மூன்று டப்பா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். ஃபாக்டரியில் கூட வேலை செய்கிற ஒருவர், ஆள் சேர்த்து விற்கிற கூட்டத்தில் சேர்ந்திருக்கிறாராம். "மருந்தே இல்ல வசந்தி, சத்துதான். அதான் சொல்லல" என்றார். சனிக்கிழமை முட்டை பட்ட கரண்டியைக்கூடத் தொடாத மனிதர், மீன் எண்ணெயை முழுங்கியிருக்கிறார். பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும்.

கோபம் கோபம்தான். ஆனாலும் தோள் வலியை என்னிடம் சொல்ல என்ன? சட்டையைக் கழற்றச் சொன்னேன். வலது தோளில் கன்றிப்போய்க் கிடக்கிறது, நீலமும் மஞ்சளுமாக. பழைய தழும்பின் மேல் புதுசு. "எங்க இடிச்சிக்கிட்டீங்க?" "நிலையில." நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி நீவிவிட்டேன். பேசாமல் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "நல்லா இருக்கு" என்றதோடு சரி.

பருப்பு வாங்க மறந்தாயிற்று.

ஜூலை 17, வியாழன்

எண்ணெய் இன்றும். வெந்நீர் ஒத்தடம். பேச்சுவார்த்தை பாதி.

ஜூலை 18, வெள்ளி

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கமல் தாயி வீட்டுக்குக் கறிவேப்பிலை கேட்கப் போனேன். அவள் மகள் வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தாள். மழைக்காலத்தில் என்ன ஸ்டைல் என்று கிண்டல் செய்தேன். கமல் தாயி, "டோளே ஆலேத்" என்றாள். பக்கத்தில் வராதே, ஒட்டிக்கொள்ளும் என்று கையைக் காட்டினாள்.

தோள் வந்திருக்கிறதா? தோளில் என்ன ஒட்டிக்கொள்ளும்? சிரித்துக்கொண்டே என் தோளைத் தொட்டுக் காட்டினேன். கமல் தாயி விழுந்து விழுந்து சிரித்தாள். "நஹி ரே! டோளே! ஆங்க்!" தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். மகளின் கண்ணாடியைக் கழற்றினாள். கண் இரண்டும் செக்கச்செவேல். நாம் சொல்கிற மெட்ராஸ் ஐ.

டோளே என்றால் கண்.

கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். மூன்று நாளாகத் தோளுக்கு எண்ணெய் தேய்த்திருக்கிறேன். கண்ணுக்கு என்று சொன்ன மனிதர் அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

டம்ளர். நிலை. தோளில் அந்தக் கன்றல். ரைட்ல வண்டி வருதா பாரு.

எல்லாம் வலது பக்கம்.

இத்தனை நாளும், நம் பேச்சு பிடித்துத்தான் பேசச் சொல்கிறார் என்று மிதந்துகொண்டிருந்தேன். கமல் தாயி வீட்டுக்காரர்கூட அப்படிச் சொல்ல மாட்டார் என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

சமையல் நடக்கவில்லை. ரொட்டியும் பாலும். இவர் ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது.

ஜூலை 19, சனி

காலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு போய் எதிரில் உட்கார்ந்தேன். "டோளேன்னா கண்ணாமே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இவர் சட்டைப் பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ஓரத்துல கொஞ்சம் மங்கல். வலது பக்கம் மட்டும். நடுவுல நல்லாத் தெரியுது வசந்தி. கொஞ்சந்தான்."

"எப்பலேருந்து?"

"தீபாவளிக்கு முன்னாடி."

"டாக்டர்கிட்ட?"

தலையை ஆட்டினார். போகவில்லை. அடுத்த மாதம் கிரேன்காரர்களுக்குக் கண் பரிசோதனை. அதில் தவறினால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள், கீழே பெருக்கவும் அள்ளவும் போட்டுவிடுவார்கள். அதற்குள் சத்து மாத்திரை தின்று சரிசெய்துவிடலாம் என்று நம்பியிருக்கிறார். விற்றவர் சொன்னாராம், கேரட்டில் இருக்கிறதுதான் இதிலும் என்று. டப்பாவில் கேரட் படம்கூட இல்லை.

அப்போதுதான் எனக்கு வேறொன்று தோன்றியது. "கிரேனுக்குக் கீழ ஆளுங்க நடப்பாங்கல்ல?"

காலர் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

"நடப்பாங்களா, மாட்டாங்களா?"

"மணி அடிச்சிட்டுத்தான் நகத்துவேன்."

"மணி உங்க கையில. ஆளு உங்க கண்ணுல இல்லையே!"

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்துக்கொண்டேன், வலிக்கிறது. இனி ஜென்மத்துக்கும் அந்தப் பழமொழியை எடுக்க மாட்டேன்.

பிறகு அழுதேன். இவர் அழவில்லை. "இறக்கிட்டா நான் யாரு வசந்தி?" என்று மட்டும் கேட்டார். கோபத்தில் இருந்தவளுக்கு அதற்குமேல் திட்ட வரவில்லை.

முடிவு: ஸ்கூட்டர் சாவி என்னிடம். கண் டாக்டருக்கு வெள்ளிக்கிழமைக்குச் சொல்லியாயிற்று. பல் முதலில். அதுவரை லீவு. சூப்பர்வைசரிடம் இவரே வாயால் சொல்ல வேண்டும். சரி என்றார். கொஞ்சந்தான் என்று திரும்பவும் சொன்னார்.

ஜூலை 20, ஞாயிறு

சட்டென்று வெயில். எல்லாத் துணியும் மாடியில். காய்ந்தது.

மூன்று டப்பாவையும் குப்பையில் போட்டேன். நாய் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. அதற்கு இருக்கிற அறிவு.

ஒரு தடவை என் வலது கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். கதவில் இடித்தேன். கொஞ்சந்தான்.

ஜூலை 23, புதன்

மறுபடி மழை. ஆட்டோவில் போனோம்.

டாக்டர் முதல் கேள்வி அதேதான், மருந்து உண்டா என்று. நான் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தேன். இவரே சொன்னார்: வீக்கத்துக்கு நீங்கள் கொடுத்தது மட்டும், விட்டமின் எல்லாம் நிறுத்தியாச்சு. கண் விஷயத்தையும் சொன்னார். அவள் உடனே வெள்ளிக்கிழமை எந்த டாக்டர், என்ன நேரம் என்று கேட்டாள், தள்ளிப் போடாதீர்கள் என்றாள். குரலில் அவசரம் இருந்தது. அது பிடிக்கவில்லை.

ஊசி. இந்தத் தடவை பிடித்துக்கொண்டது. உதடு ஒரு பக்கம் தொங்கி, "வதந்தி" என்று கூப்பிட்டார். உதவிக்கு இருந்த பெண் சிரிக்க, நானும் சிரித்தேன். பல் வந்ததே இவருக்குத் தெரியவில்லை. "முதிஞ்சிதா?" என்று கேட்டார். தட்டில் போட்டுக் காட்டினாள், நல்ல பெரிய பல். ரத்தமும் சீக்கிரம் நின்றது. பஞ்சைக் கடிக்கச் சொல்லி, தலைக்கு மேல் இருந்த விளக்கை அணைத்துவிட்டு டாக்டர் வெளியே போனாள்.

நாற்காலியின் வலது பக்கம் நின்றிருந்தேன். என் முந்தானை நாற்காலிக் கைப்பிடியில் கிடந்தது. கன்னத்தைத் துடைத்துவிடலாமா, பஞ்சு நகர்ந்துவிடுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இவர் நேரே கதவைப் பார்த்துக்கொண்டு, பஞ்சுக்கு நடுவில், "வதந்தி, வெளிய போயித்தியா?" என்றார்.

உதவிக்காரப் பெண் என்னைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள்.

 சத்தம் போடாமல் நாற்காலியைச் சுற்றி இடது பக்கம் போய் நின்றேன். இவர் முகம் மலர்ந்தது. எங்கே போனாய் என்று கையால் கேட்டார்.

"மழை நின்னுடுச்சான்னு பாத்துட்டு வந்தேங்க. நின்னுடுச்சி" என்றேன்.

வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.