தரையில் தெரிந்த நட்சத்திரம்

ஆவணி, வெள்ளிக்கிழமை

புது ஹாலுக்கு ஆத்தங்குடிக் கல் இன்று பதித்து முடிந்தது. நாலு கல் சேருகிற இடத்தில் ஒரு பெரிய பூ விரியும். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. பிள்ளையார்பட்டியில் பூக்கட்டியே வளர்ந்தவள் நான்.

வீட்டுக்காரரின் மாமா மகள் சித்ரா திருப்பத்தூரிலிருந்து பார்க்க வந்தாள். வாசலில் நின்றபடியே, "நட்சத்திரம் நல்லாருக்கு அத்தான்" என்றாள்.

"எனக்கும் அதுதான் தெரிஞ்சுச்சு" என்றார் இவர். சின்ன வயசில் இவர் வளர்ந்தது அவள் வீட்டில்தான்.

"நம்ம வாசல்ல அம்மா போடுற கோலமாட்டமே இருக்குல்ல?" என்றாள் அவள். ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு.

"அப்ப ரெண்டு பேரும் குனிஞ்சே நட்சத்திரம் எண்ணுங்க, கழுத்து வலிக்காது" என்று கேலி பண்ணிவிட்டுக் காபி போடப் போனேன். அவள் காபிக்கு மட்டும் சீனி போட மறந்துவிட்டேன்.

அவள் போனதும் தரையில் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். பூதான்.

"பூவ விட்டுரு. பூவுக்கும் பூவுக்கும் நடுவுல இருக்க வெள்ளையப் பாரு" என்றார் இவர்.

பார்த்தேன். நட்சத்திரம் கூர்கூராகத் தெரிந்துவிட்டது. ஆனாலும், "தெரியலயே, இங்குட்டு உக்காந்து காட்டுங்க" என்றேன். என் விரலைப் பிடித்து, முனை முனையாக ஓட்டிக் காட்டினார்.

சித்ராவுக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் தூக்கம் வரவில்லை.