கிழக்குக் குன்று தோற்ற வருஷம்

மாலூலா
8 ஆகஸ்ட் 1996

அன்புள்ள நஸ்ஹா,

நீயும் பிள்ளைகளும் நலம்தானே? மினிபஸ் டிரைவரிடம் ஒரு ஜாடி திராட்சைப் பாகு கொடுத்தனுப்பியிருக்கிறேன். என் கடிதங்களுக்குப் பதிலே போடாதவளுக்கு இதுவே அதிகம்.

திருச்சிலுவைத் திருநாள் நெருங்குகிறது. உன் மேற்குக் குன்றிலும் என் கிழக்குக் குன்றிலும் விறகு ஏறத் தொடங்கிவிட்டது. ஆனால் தீ மூட்டியபின் இரு குன்றுக்காரர்களும் ஒருவரையொருவர் வசை பாடுவது இனி அரபியில் மட்டும்தானாம். எங்கள் குன்றுத் தீயை முன்னின்று நடத்தும் என் அண்ணன் சர்கிஸின் தீர்ப்பு. "நம்ம பேச்சுல பாடினா அந்தப் பக்கம் எவன் பதில் சொல்றான்? போன வருஷம் ஆடுதான் கத்துச்சு" என்கிறான்.

நம் அரமேயப் பேச்சில் ஒரே ஒரு வசை, நானே பாடுகிறேன் என்று கெஞ்சி அனுமதி வாங்கியிருக்கிறேன். மேற்கிலிருந்து நம் பேச்சிலேயே பதில் வந்தால் அடுத்த வருஷமும் பாடலாம். வராவிட்டால் அதோடு சரி.

பதில் சொல்ல உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? சிறுவயதில் உன் வாய்க்குப் பயந்துதானே எங்கள் குன்றே அடங்கிக் கிடந்தது? வாடி.

ஒரு ரகசியம். போன வருஷம் திருநாள் வழக்கப்படி எரியும் மரக்கட்டையைச் சரிவில் உருட்டப்போன சர்கிஸ், தானும் கூடவே உருண்டு அத்திமரத்தில் மாட்டிக்கொண்டான். வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. நீயும் சொல்லிவிடாதே.

உன்,
வர்தா


டமாஸ்கஸ்
21 ஆகஸ்ட் 1996

அன்பு வர்தா,

பாகு வந்தது. பிள்ளைகள் ஜாடியைக் கழுவத் தேவையில்லாதபடி செய்துவிட்டார்கள்.

நீ கேட்டது என்னால் முடியாது. பனிக்காலத்தில் ஒருநாள் பர்பாரா வகுப்பில் வாய்தவறி நம் பேச்சில் தண்ணீர் கேட்டுவிட்டாள். வகுப்பே சிரித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து, "அம்மா, இனிமே எங்கிட்ட அப்படிப் பேசாத" என்றாள். அதற்குப் பிறகு அவளிடம் நான் நம் பேச்சில் பேசவில்லை. அவள் தம்பியிடமும் பேசவில்லை. என் மகளே வேண்டாமென்ற பேச்சைக் குன்றின் மேல் நின்று எப்படிப் பாடுவேன்?

திருநாளில் எங்கள் ரொட்டிக்கடையை விட்டு அவராலும் நகர முடியாது. உனக்குப் புத்தகங்கள் இருக்கின்றன, நினைத்ததை எழுதலாம். எனக்குக் கைநிறைய மாவுதான். கோபித்துக்கொள்ளாதே.

நஸ்ஹா


மாலூலா
2 செப்டம்பர் 1996

அன்புள்ள நஸ்ஹா,

கோபமில்லை. பர்பாராவை நினைத்து அன்று முழுவதும் எந்தப் புத்தகத்திலும் மனம் ஓடவில்லை. இனி உன்னை அழைக்க மாட்டேன். ஆட்டுக்காவது கேட்கட்டும் என்று பாடிவிட்டு இறங்கிவிடுவேன்.

வசையை மட்டும் அனுப்புகிறேன். பழைய எதிரியிடம் காட்டாமல் யாரிடம் காட்டுவேன்?

"மேற்குக் குன்றுக்காரரே, உங்க தீக்கு ஏன் இந்த இருமல்?
விறகு ஈரமா, இல்ல ஊதுற வாய்
டமாஸ்கஸுக்கு வாடகைக்குப் போயிடுச்சா?"

வர்தா


மாலூலா
15 செப்டம்பர் 1996

அடி துரோகி,

விடியுமுன் மாவு பிசைய வேண்டுமென்று முகத்தைக்கூடக் காட்டாமல் கடைசி மினிபஸ்ஸில் போய்விட்டாயாமே. டிரைவர் சொன்னார். ஆகவே எங்கள் பக்கம் நடந்ததைக் கேள்.

பாடி முடித்தேன். எதிரே சத்தமே இல்லை. சர்கிஸ் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்து, "போதுமா? இறங்கு" என்றான். நான் இறங்கத்தான் திரும்பினேன். அப்போது இரு குன்றுக்கும் நடுவிலுள்ள இடுக்கைத் தாண்டி வந்தது, எந்தக் கருவியும் இல்லாத உன் குரல்:

"வாடகை முடிஞ்சு வாய் வந்தாச்சு, கிழக்குக்காரரே!
மரத்தை உருட்டப் போன சர்கிஸை
மரம் உருட்டிட்டுப் போச்சாமே,
அத்திமரம் இன்னும் அழுவுதாமே!"

மேற்குக் குன்று சிரித்த சிரிப்பில் பாறையெல்லாம் அதிர்ந்தது. அது அடங்கும்போது இரண்டு சின்னக் குரல்கள் கடைசி வரியைத் தனியாகத் திருப்பிப் பாடின. ஒன்று பெண்குரல். ஒரு சொல்லும் தடுமாறவில்லை. எப்போது சொல்லிக்கொடுத்தாய், நஸ்ஹா? பர்பாராவே கேட்டாளா?

ஒலிபெருக்கி சர்கிஸின் கையிலேயே இருந்தது. ஆனால் அரபியில் பதில் சொன்னால் ஓடி ஒளிந்ததாகிவிடும் என்று அவனுக்கே தெரியும். "சொல்லுடி, ஏதாவது பதில் சொல்லுடி" என்று என்னை உலுக்கினான், நம் பேச்சிலேயே. எனக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. எங்கள் தீ அணையும் வரை பதில் சொல்ல முடியவில்லை.

இன்று காலை குன்றுப் பையன்கள் எல்லாரும் எங்கள் வாசலில் நிற்கிறார்கள். அடுத்த வருஷத்துக்கு அரமேயத்தில் வசை வேண்டுமாம், இப்போதே பழக வேண்டுமாம். அவர்களுக்குப் பின்னால், என் முகத்தைப் பார்க்காமல், சர்கிஸும் நிற்கிறான். பர்பாராவிடம் சொல், அவளுக்கென்றே தனியாக ஒரு வசை எழுதப்போகிறேன்.

தோற்றுப்போன கிழக்குக் குன்றிலிருந்து,
மகிழ்ச்சியோடு,
வர்தா